ரெக்கார்டு நோட்டு காணாமல் போகும் வாரம்

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகமாகப் பச்சரிசியை வைத்தார். அதில் திருநீறு ஒட்டியிருந்தது. வேப்பிலை வாசம் வந்தது.

"வாயில போட்டு மெல்லுங்க. நான் உடுக்கைய நிப்பாட்டுற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது" என்றார்.

கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடம் அது. பங்குனி வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் பட்டை பட்டையாகப் போட்டிருந்தது. ஆறு பேர் கிழக்கே பார்த்து வரிசையாக நின்றோம். சமையல் மாஸ்டர் மாரியப்பன், அவருக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பேர், கூட்டிப் பெருக்கும் காளியம்மா, தோட்டக்காரர், கடைசியில் நான். எங்களில் ஒருவர் திருடர் என்று முடிவாகியிருந்தது. அது யார் என்பதுதான் பாக்கி.

களவு போனால் எங்கள் பக்கத்தில் இப்படி அரிசி மந்திரித்துக் கொடுப்பார்கள். எடுக்காதவன் மென்றால் அரிசி எச்சிலில் குழைந்து கூழாக வரும். எடுத்தவன் வாயில் உலர்ந்து மாவாக வரும். இதைப் பாராமல் வளர்ந்தவர்கள் சிரிப்பார்கள். பார்த்து வளர்ந்தவர்கள் அந்த வரிசையில் நின்று சிரிக்க மாட்டார்கள்.

நான் எடுக்கவில்லை. ஆனால் அன்று காலை எழுந்ததிலிருந்து என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உடுக்கை ஒலிக்கத் தொடங்கியது.

மூன்று தடவை பூட்டிப் பார்ப்பவன்

அந்த விடுதியில் எனக்கு வேலை கிடைத்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கடிதம் போட்ட சிலர், எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவனைக் கல்லூரியில் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் சேர்க்கவில்லை. கல்லூரி மணியையும் விடுதிச் சாவிகளையும் என் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கணக்கு வாத்தியார் கேள்வி கேட்பாரோ என்று காலையிலேயே பயம் பிடித்துக்கொள்ளும். அவர் என்னைக் கேட்டதே இல்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் ஒருவேளை தொடர்ந்து படித்திருப்பேன். நாளை கேட்பார், நாளை கேட்பார் என்று இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் போகாமல் இருந்தேன். பிறகு போகவே இல்லை.

அந்தச் சுபாவம் விடுதி வேலைக்குப் பொருந்திவிட்டது. ஒரு கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பத்தடி நடந்து போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். மாணவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"அண்ணே, கதவு கையோட வந்திரப் போகுது."

வரட்டும் என்று இருப்பேன். விடுதி அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், ஊரை விட்டு விலகி இருந்தது. கருவேலங்காட்டை வெட்டித் திருத்திய பொட்டல். பின்பக்கம் கரிசல் காடு, அதற்கப்பால் தண்ணீர் இல்லாத கண்மாய். சுற்றுச்சுவர் பாதி கட்டி நின்றிருந்தது. யார் வந்தாலும் தூரத்திலேயே தெரியும். யாரும் வரவில்லை என்பதும் தெரியும். பயமே அதில்தான்.

ஆடியில் சட்டை, ஐப்பசியில் சைக்கிள்

மூன்றாம் வருஷம்தான் எனக்கு உறைத்தது. விடுதியில் களவு கண்டபடி நடக்கவில்லை. மழை, வெயில் மாதிரி அதற்கும் பருவம் இருந்தது.

ஆனி மாதம் புதுப் பையன்கள் தகரப்பெட்டியும் சமுக்காளமுமாக வந்து இறங்குவார்கள். வீட்டு நினைப்பில் கண் சிவந்திருக்கும். அந்த மாதம் போவது தின்பண்டமும் தேங்காயெண்ணெயும் சோப்பும். ஆடியில் காற்று வரும். கொடியில் காயும் சட்டைகள் போகும். காற்று கொண்டுபோனது எது, கை கொண்டுபோனது எது என்று பிரிக்க முடியாது. சில சட்டைகள் கருவேல முள்ளில் கிடைக்கும். சில கிடைக்கவே கிடைக்காது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற வாரம் சைக்கிளும் கைக்கடிகாரமும். தை மாதம் ஒன்றும் போகாது. ஏன் என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

மாசி கடைசியில், பங்குனி பிறக்கிற வாரத்தில், ரெக்கார்டு நோட்டு.

கல்லூரிக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். விஞ்ஞானம் படிக்கிற பையன்கள் வருஷம் முழுக்கச் செய்த சோதனைகளை ஒரு தடித்த நோட்டில் படம் வரைந்து எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டைக் காட்டாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. நோட்டுப் போனால் வருஷமே போனது. வருஷம் முழுக்க எழுதாமல் இருந்தவன், எழுதியவனின் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைக் கிழித்து, தன் பெயர் போட்ட பக்கத்தை ஒட்டிக்கொள்வான்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை விடுதியில் இருக்கிற ஆள் அத்தனை பேரும் மாறிவிடுகிறார்கள். முன்னே திருடியவன் பட்டம் வாங்கிக்கொண்டு எங்கோ உத்தியோகத்தில் இருப்பான். புதிதாக வந்தவன் அவன் முகத்தையே பார்த்ததில்லை. ஆனாலும் அதே வாரம், அதே உச்சிவெயில் நேரம், அதே பொருளுக்குக் கை நீள்கிறது. திருடர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். திருட்டு மட்டும் அங்கேயே குடியிருந்தது.

பக்கம் புரளும் சத்தம்

பதினோரு மணி மணியை அடித்துவிட்டு நான் விடுதிக்குத் திரும்புவேன். பையன்கள் எல்லோரும் வகுப்பில் இருப்பார்கள். மாஸ்டர் சோறு வடித்துவிட்டுப் படுத்திருப்பார். நாற்பது அறைகள் இரண்டு வரிசையாக வாயை மூடிக்கொண்டு நிற்கும்.

பங்குனியில் அந்த நேரத்துக்குக் காற்று ஒரேயடியாக நின்றுவிடும். வேப்பம்பூ உதிர்வது காதில் கேட்கும் என்றால் நம்ப மாட்டீர்கள். பொட்டலில் சுழிக்காற்று ஒன்று மட்டும் கிளம்பிக் குப்பையையும் புழுதியையும் ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு விடுதியைப் பார்த்து வரும். சுவர் வரைக்கும் வந்து அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஒரு நாள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். பூட்டிய அறை ஒன்றுக்குள் யாரோ புத்தகம் புரட்டுகிற சத்தம். நின்றேன். சத்தமும் நின்றது. நடந்தேன். மறுபடி சரக், சரக்.

பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே பூட்டித்தான் இருந்தது. சன்னல் பக்கம் சுற்றிப்போய் எட்டிப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. மேசைமேல் விரித்துக் கிடந்த நோட்டின் பக்கங்கள் தாமாக எழுந்து எழுந்து விழுந்தன. சன்னல் வழியே காற்று போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் என் முகத்தில் காற்று படவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த வரிசையிலேயே ஒரு நோட்டுப் போயிற்று. பூட்டு பூட்டியபடி இருந்தது.

பூட்டு ரகசியம் பிறகு தெரிந்தது. விடுதிக்கு மொத்தமாக வாங்கிய மலிவுப் பூட்டுகள். ஒன்றின் சாவி இன்னும் நாலைந்துக்குப் பொருந்தும். பையன்களுக்கு அது தெரியும். ஆனால் எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச்சாவி வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

சொன்னது தப்பு

அரிசி மெல்ல நேர்ந்த அந்த வருஷம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாசி கடைசியில் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொன்னேன். "தம்பி, இந்த வாரம் நோட்டுப் போகும். பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுங்க. மேசையில வைக்காதீக."

பால்ச்சாமி என்ற பையன் மூன்றாம் வருஷம் படித்தான். பரளச்சிப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் என்னைக் கேலி செய்தான்.

"என்னண்ணே, பஞ்சாங்கம் பாத்துச் சொல்றீகளா? என்னைக்குப் போகும், நாளு நச்சத்திரம் எல்லாம் சொல்லுங்க."

"வெளையாட்டு இல்ல தம்பி. வியாழன் வெள்ளிக்குள்ள போகும்."

வாய் வார்த்தையாகத்தான் சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் பால்ச்சாமியின் நோட்டு போய்விட்டது.

மாலையில் வார்டன் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வேதியியல் பேராசிரியர். பையன்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

"வியாழக்கெழம போகும்னு நீங்க சொன்னீங்களாமே. எப்படித் தெரியும்?"

"வருசா வருசம் போகுதுங்க சார்."

"வருஷா வருஷம் போகுது. சரி. வருஷா வருஷம் சாவி யார்கிட்ட இருக்குது?"

கணக்கு வாத்தியார் ஒருவழியாகக் கேட்டுவிட்டார் என்று தோன்றியது.

போலீஸுக்குப் போனால் கல்லூரி பேர் கெடும் என்றார்கள். காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோடாங்கி இருக்கிறார், அரிசி கொடுத்தால் மாலைக்குள் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

அன்றிரவு வீட்டுக்குப் போனேன். பாலவனத்தத்தில் வாடகை வீடு. இரண்டும் பெண் பிள்ளைகள். திருடன் என்று பேராகி வேலை போனால் ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள், பெண்களை யார் கேட்டு வருவார்கள்? நினைப்பு அங்கேயே சுற்றியது.

ஆறு இலை, ஏழு எச்சில்

உடுக்கை நின்றது. ஆளுக்கொரு இலைத்துண்டைக் கையில் கொடுத்தார் கோடாங்கி.

மாரியப்பன் துப்பினார். கூழ். அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் துப்பினார்கள். கூழ். காளியம்மா வெற்றிலை போட்ட வாய், சிவப்பாகவே வந்தது. தோட்டக்காரருக்கும் அப்படித்தான், ஈரம்.

நான் துப்பினேன். இலையில் எதுவும் ஒட்டவில்லை. வெள்ளை மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. கொஞ்சம் என் சட்டையிலும் விழுந்தது.

மாரியப்பன் அரை அடி தள்ளி நின்றார். ஏழெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்ட மனிதர். அந்த அரை அடியை இன்றும் என்னால் அளந்து காட்ட முடியும்.

கோடாங்கி இலையை வார்டனிடம் நீட்டினார். "பாத்துக்கங்க சாமி."

அப்போதுதான் பால்ச்சாமி முன்னால் வந்தான். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

"எனக்கும் ஒரு வாய் அரிசி குடுங்க."

"பொருளப் பறிகொடுத்தவன் மெல்லக் கூடாது தம்பி."

"ஏன் கூடாது? எங்கிட்டயுந்தான சாவி இருக்குது? குடுங்க."

கோடாங்கிக்கு விருப்பமில்லை. வார்டன் தலையசைத்தார். உடுக்கை மறுபடி அடித்தது. முன்னைவிடச் சுருக்கமாக அடித்தது போலத் தோன்றியது. பால்ச்சாமி மென்றான். கண்ணில் நீர் நின்றது. இலை எதுவும் வாங்காமல் தன் உள்ளங்கையிலேயே துப்பி, எல்லோருக்கும் தெரிய நீட்டினான்.

மாவு. என்னுடையதை விடவும் உலர்ந்த மாவு.

"அப்ப எந்நோட்ட நானே களவாண்டுட்டேனா?" என்றான்.

முதலில் சிரித்தது காளியம்மா. "ஏலே, பயந்தவன் வாயில எச்சிக்கு எங்கடா போறது" என்றாள். பிறகு பையன்கள் சிரித்தார்கள். கோடாங்கி அரிசித் தட்டைத் துணியில் முடிந்துகொண்டார். வார்டன் யாரையும் பார்க்காமல், "போதும். போயி அவுகவுக வேலையப் பாருங்க" என்றார்.

பால்ச்சாமிக்கு நோட்டு கிடைக்கவில்லை. பேராசிரியர் இரக்கப்பட்டு மறுபடி எழுதிக்கொண்டுவரச் சொன்னார். கூட்டாளிகள் நாலு பேர் படம் போட்டுக் கொடுத்தார்கள். தேர்வு எழுதினான். தேறினான்.

என் பெட்டிக்குள்

நான் தப்பிவிட்டேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து என் தகரப்பெட்டியைத் திறந்தேன். வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். அடியில் விரித்திருந்த பழைய காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பரணில் ஏறிக் கை விட்டுத் துழாவினேன்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "என்னத்தத் தேடுறீக?"

"ஒண்ணுமில்ல."

பால்ச்சாமியின் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். உச்சிவெயிலில் நடந்து நடந்து, எனக்கே தெரியாமல் எடுத்திருப்பேனோ? அரிசி பொய் சொல்லுமா? பால்ச்சாமிக்கு உலர்ந்தது பசியால். எனக்கு உலர்ந்தது எதனால்? பிரவுன் அட்டை போட்ட ஒரு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் வராந்தாவில் நடப்பது போல ஒரு காட்சி மனதில் வந்தது. என் செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. பார்த்ததா, நினைத்ததா என்று பிரிக்க முடியவில்லை. அன்றைக்குப் பயந்தது போல என் ஆயுளில் எதற்கும் பயந்ததில்லை.

பெட்டியில் நோட்டு இல்லை. இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை.

மறுநாள் வார்டன் தனியாகக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. "அது போகும் இது போகும்னு இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க. அடுத்த தடவ நானே நெனச்சாலும் உங்கள வச்சிக்கிட முடியாது."

சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை

அடுத்த வருஷமும் மாசி முடிந்தது. வேப்பமரம் பூ வைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

காதர் என்று மூன்றாம் வருஷப் பையன், அதுவரை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்துவிட்டு அந்த வருஷம்தான் விடுதிக்கு வந்தவன். அத்தா என்று அவன் சொல்லும் அவனுடைய அப்பா சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் விற்பவர். காதர் வாயாடி. என் மூத்த பெண்ணுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் மறுநாள் மறக்காமல் விசாரிப்பான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். திங்கள்கிழமை தேர்வு, நடுவில் இரண்டே நாள். அன்று வகுப்பு சீக்கிரம் முடிந்திருந்தது. பையன்கள் சிலர் அறைகளில், சிலர் குளிக்கிற இடத்தில். காதர் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடி வந்தான். இரவல் சைக்கிள் வாசலில் நின்றது.

"அண்ணே, பூட்டுச் சாவி எங்க வச்சேன்னு தெரியல. கதவ சும்மா சாத்திட்டுப் போறேன். செத்த பாத்துக்கிருங்க, வந்திருதேன்."

"நோட்டு எங்கப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மேசமேலதான் கெடக்கு" என்றான். சைக்கிள் புழுதியில் போயிற்று.

காற்று நின்றது. வருஷா வருஷம் நிற்பது போலவே நின்றது. பொட்டலில் சுழிக்காற்று ஒன்று எழுந்து நடந்து வந்தது. இன்றைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டால் இப்போதும் பதில் இல்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. என்னிடம் மாற்றுச்சாவி இல்லையா, வேறொரு பூட்டு இல்லையா? போய்ப் பூட்டியிருக்கலாம். அல்லது கதவுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். நாலு அடி எடுத்தும் வைத்தேன். அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. அந்தக் கதவுப் பக்கம் நான் நின்றதை ஒருவன் பார்த்து, நோட்டும் போய்விட்டால்?

திரும்பி நடந்தேன். சமையல்கட்டுக்குப் போய் மாரியப்பன் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அவர் கேட்காமலே உரித்தேன்.

"என்ன, இன்னைக்கு இங்க?" என்றார்.

"சும்மாதான். மாஸ்டர், மணி என்ன?"

"பன்னெண்டே முக்கால்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். பிறகு இன்னொரு தடவை. ஒன்று, ஒன்றேகால் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த நேரம் முழுக்க நான் அங்கேதான் இருந்தேன் என்பது அவர் மனதில் பதிந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் கேட்டேன்.

வராந்தாப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

காதர் திரும்பி வந்து போட்ட கூச்சலில் விடுதியே கூடியது. வார்டன் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் மாரியப்பன் குறுக்கே வந்தார். "சார், இவரு அப்பப் புடிச்சு எங்கூடத்தான் இருக்காரு. மணிகூடச் சொல்லுவேன்." வார்டன் சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். என் மேல் ஒரு தூசி படவில்லை.

காதர் படித்த துறைக்கு அந்த வருஷம் புதுத் தலைவர் வந்திருந்தார். கண்டிப்பானவர். இரண்டு நாளில் மறுபடி எழுதிக்கொண்டுவருகிற கதையெல்லாம் நடக்காது, அடுத்த வருஷம் வந்து எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் வரைக்கும் உட்கார்ந்திருக்க காதர் வீட்டில் வசதி கிடையாது. அவன் மறுபடி வரவே இல்லை. அத்தாவோடு துணி மூட்டை கட்டப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவன் ஊருக்குக் கிளம்பினான். படுக்கையை நான் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ் வந்தது. கண்டக்டர் மேலே ஏறிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். காதர் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான்.

"போன வருசம் ஒங்களப் போட்டு அந்தப் பாடு படுத்துனாகளாமே, பால்ச்சாமி அண்ணன் சொன்னாரு. எனக்கு அதாண்ணே பயமா இருந்துச்சு. நல்லவேள, இந்தத் தடவ ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லல."

சிரித்தபடிதான் சொன்னான். பஸ் கிளம்பியது. நான் கையை உயர்த்திக் காட்டினேன்.